முன்கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லையா? பழைய வேன் வைத்திருப்போர் கவனத்திற்கு

காய்கறி, பால், உர மூட்டை ஏற்றுவதற்குப் பழைய வேனோ ஜீப்போ வைத்திருக்கும் விவசாயிகள் எஞ்சினையும் பிரேக்கையும் டயரையும் கவனித்துக்கொள்கிறார்கள். முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷரைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முன்னே செல்லும் லாரி சேற்றை வாரி இறைக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். தண்ணீர் இல்லாமல் வைப்பரை மட்டும் ஓட்டினால் சேறு கண்ணாடி முழுவதும் பூசிக்கொள்ளும். மணல் துகள்கள் கீறல் போடும். இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறி, கண்ணைக் கூச வைக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 3 விநாடிகளில் 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

வாஷர் வேலை செய்யும் விதம் கைத்தெளிப்பானைப் போன்றதே. தண்ணீர் டப்பா, பம்ப், ரப்பர் குழாய், நாசில் என்று நான்கே உறுப்புகள். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பம்பைக் கையாலோ காலாலோ அமுக்க வேண்டும். மற்றவற்றில் சிறிய மின் மோட்டார் இருக்கும். தண்ணீர் வராவிட்டால் உடனே புது மோட்டார் வாங்கத் தேவையில்லை. கீழ்க்கண்ட வரிசைப்படி சோதித்தால் பல பழுதுகளைச் செலவின்றியே நீக்கலாம்.

முதல் சோதனை

டப்பாவில் தண்ணீர் இருக்கிறதா, அடியில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட விடாமல், வாஷர் சுவிட்சை அமுக்கிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மோட்டார் சத்தம் கேட்டால் கோளாறு தண்ணீர்ப் பாதையில் இருக்கலாம். சத்தமே இல்லாவிட்டால் மின்சாரப் பாதையைப் பார்க்க வேண்டும்.

சத்தம் கேட்டும் தண்ணீர் வராவிட்டால்

நாசிலுக்கு அருகில் குழாயைக் கழற்றிவிட்டுச் சுவிட்சை அமுக்கவும். குழாயில் தண்ணீர் வேகமாக வந்தால் நாசில்தான் அடைத்துள்ளது. மெல்லிய ஊசியால் துவாரத்தைப் பெரிதாக்காமல் குத்தி, சைக்கிள் பம்பினால் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம்.

குழாயிலும் தண்ணீர் வராவிட்டால் குழாயை டப்பாவரை தடவிப் பார்க்க வேண்டும். பானட் கீல் அருகே மடிந்திருக்கலாம், எஞ்சின் சூட்டில் வெடித்திருக்கலாம், இணைப்பில் கழன்றிருக்கலாம். டப்பாவின் அடியில் வண்டலும் பாசியும் சேர்ந்து பம்பின் வாயை அடைப்பதும் உண்டு. டப்பாவைக் கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும்.

சத்தமே கேட்காவிட்டால்

முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும். போயிருந்தால் அதே ஆம்பியர் உள்ள பியூஸையே போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவது வண்டியே தீப்பற்ற வழி செய்யும். பியூஸ் நன்றாக இருந்தால் மோட்டாருக்குப் போகும் வயர் முனைகளைக் கவனிக்கவும். பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிப் பொருத்த வேண்டும்.

அடுத்து, 12 வோல்ட் பல்பு ஒன்றை மோட்டாரின் இரண்டு வயர்களுக்கும் இடையே இணைத்து, வேறொருவரைச் சுவிட்சை அமுக்கச் சொல்ல வேண்டும். பல்பு நன்றாக எரிந்தால் மோட்டார் பழுது, மாற்ற வேண்டும். எரியாவிட்டால் சுவிட்ச், வயர், எர்த் இவற்றில் கோளாறு. இதை வயரிங் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

எந்தத் தண்ணீர் நல்லது?

போர்வெல் உப்புத் தண்ணீர் நாசிலில் சுண்ணாம்புபோல் படியும். மழைநீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுவது சிறந்தது. துணி சோப்புத் தூள் நுரைத்து கண்ணாடியை மங்கச் செய்யும். மண்ணெண்ணெய், டீசல் இவை ரப்பரைக் கெடுக்கும். பூச்சிமருந்து இருந்த டப்பாவில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றவே கூடாது. பீய்ச்சும் சாரல் காற்றோடு வண்டிக்குள்ளும் வரும். டப்பா காலியாக இருக்கும்போது சுவிட்சை அமுக்கிக்கொண்டே இருந்தால் பம்ப் தேய்ந்துவிடும்.

நீலகிரியில் உறைபனி விழும் காலத்தில் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காரட், உருளைக்கிழங்கு ஏற்றி இறங்குவோர், விடியலில் கண்ணாடிமீது கொதிநீர் ஊற்றக்கூடாது. சில்லிட்ட கண்ணாடி விரிசல் விடும்.

வாஷரைப் பழுது பார்க்கும் வரையில், ஒரு பாட்டில் தண்ணீரும் பருத்தித் துணியும் வண்டியில் இருக்கட்டும். கண்ணாடி மறைத்தால் ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். சந்தைக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனாலும், சரக்கும் ஆளும் பத்திரமாகப் போய்ச் சேர்வதே முக்கியம்.