மைக்கூடு – 9: கழுவினால் போகாத கறுப்பு

"ஏங்க, எழுதின தாளையா கழுவுறீங்க?" என்றாள் மனைவி.

சமையலறைக் குழாய்க்கு அடியில் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரே வாக்கியத்தை இரண்டு பேனாக்களால் மேலும் கீழுமாக எழுதி, ஒரு மணி நேரம் காயவிட்டிருந்தேன். மேல் வரி, போன வாரம் இந்தத் தொடரில் புகழ்ந்து தள்ளிய ராயல் புளூ. கீழ் வரி, ஜப்பானிலிருந்து வந்த ஒரு கறுப்பு நிறமி மை. குழாயைத் திறந்ததும் மேல் வரி வெளிறி, தொட்டிக்குள் ஊதாத் தண்ணீராக ஓடிவிட்டது. கீழ் வரி அசையவில்லை. விரலால் அழுத்தித் தேய்த்தேன். தாள்தான் திரிதிரியாக வந்தது.

பெருமையோடு அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: "அப்ப பேனாவைக் கழுவுறப்பவும் இப்படியே போகாம நிக்குமா?"

பேனா ஆசை உள்ளவர்கள் நிறமி மையைக் கண்டு மிரள்வது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நாம் பள்ளியில் எழுதியது எல்லாம் சாய மை. சாயம் தண்ணீரில் சர்க்கரை மாதிரி முழுக்கக் கரைந்துவிடும். நிறமி கரையாது. மார்கழியில் கோலத்துக்குச் செம்மண் கட்டக் காவி கரைக்கிறோமே, 'கரைக்கிறோம்' என்று வாய்தான் சொல்கிறது. கால் மணி நேரம் விட்டுப் பார்த்தால் காவி அடியில், தெளிந்த தண்ணீர் மேலே. காவியும் ஒரு நிறமிதான். அப்படிப் படியும் பொருளைப் பேனாவுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஓவியப் பாடத்துக்கு வாங்கிய வாட்டர்ப்ரூஃப் டிராயிங் மை வீட்டில் மிச்சம் கிடந்தது. நல்ல கறுப்பு, வீணாகிறதே என்று இங்க் ஃபில்லரால் உறிஞ்சி பேனாவில் நிரப்பிவிட்டேன். முதல் நாள் வகுப்பில் ராஜா மாதிரி எழுதினேன். மறுநாள் பேனா பேச்சு மூச்சில்லை. உதறினேன், முன் பெஞ்சுக்காரன் சட்டையில்கூட ஒரு சொட்டு விழவில்லை. நிப்பைப் பல்லால் கடித்து இழுத்தேன், பிளேடால் பிளவைக் கீறினேன், வெந்நீரில் போட்டேன். நிப்பும் கட்டையும் ஒன்றோடொன்று வார்னிஷ் அடித்த மாதிரி ஒட்டியிருந்தன.

மாதிரி என்ன, அது உண்மையிலேயே வார்னிஷ்தான். இந்தியன் இங்க் எனப்படும் அந்த மையில் கரியைத் தாளோடு பிடித்துவைக்க அரக்கு சேர்ப்பார்கள். தொட்டெழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் ஏற்றது. எழுதி முடித்ததும் துடைத்துவிடலாம். ஊற்றுப் பேனாவுக்குள் போனால் அரக்கு காய்ந்து, நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் மெல்லிய வாய்க்கால்களை நிரந்தரமாக அடைத்துவிடும்.

இங்கேதான் நான் பல வருடம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். பேனாவைக் கொன்றது கரி என்று நினைத்தேன். கரி பாவம், அரக்குதான் கொலைகாரன். கரியில் செய்த மை எல்லா நாட்டிலும் உண்டு. அதைப் பிடித்துவைக்கும் பசைதான் ஊருக்கு ஊர் மாறும். ஜப்பானில் நாரா நகரத்துக்குப் பேர் வாங்கித் தந்த சுமி மைக்கட்டி, விளக்குக் கரியையோ பைன் மரக் கரியையோ தச்சர்கள் வச்சிரம் என்கிறார்களே, அந்த வகைத் தோல் பசையில் பிசைந்து காயவைத்தது. நம்முடைய ஓலைச்சுவடிக்குப் பசையே தேவைப்படவில்லை. எழுத்தாணியால் கீறி, கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்து மேலே தடவித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கிவிடும்.

கரிக்கு வெயிலும் தண்ணீரும் ஒரு பொருட்டில்லை, பிளீச்சிங் பவுடரும் இல்லை. அதனால்தான் அத்தனை பழைய எழுத்தும் இன்றைக்கும் கறுப்பாகவே இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் இந்தக் குணம் ஆராய்ச்சியாளர்களை அழவைத்தது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியம் ஊரிலிருந்து பாப்பிரஸ் சுருள்கள் கரிக்கட்டைகளாகக் கிடைத்தன. மையும் கரி, தாளும் கரி. பிரித்தால் நொறுங்கும், எக்ஸ்-ரே எடுத்தால் எது எழுத்து என்று தெரியாது. 2023-இல்தான் கணினியின் துணையோடு பிரிக்காத சுருளிலிருந்து ஒரு முழுச் சொல்லைப் படித்தார்கள். கரிக்குள் கரியாக ஒளிந்திருந்த அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள், ஊதா!

நிற்க. அரக்கும் இல்லாமல் வச்சிரமும் இல்லாமல் கரியைப் பேனாவில் ஓடவைப்பது எப்படி? கரியை மிக மிகப் பொடியாக்க வேண்டும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்கிற அளவுக்குத் துகள் சிறுத்துவிட்டால், தண்ணீர் மூலக்கூறுகள் இடிக்கிற இடியே அதைக் கீழே படியவிடாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க, அவற்றைத் தள்ளித் தள்ளி நிறுத்தும் வேதிப்பொருளும் சேர்க்கிறார்கள். தாளில் பட்டதும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். துகள் நார்களுக்கு இடையே மேலாகவே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் மட்டமான தாளில்கூட இந்த மை அதிகம் ஊறிப் படர்வதில்லை. என் ரேஷன் கடை நோட்டில் ராயல் புளூ மீசை முளைத்து நிற்கும். அதே பக்கத்தில் கரி மை கம்பி போல நின்றது.

நான் வாங்கியவை இரண்டு. செய்லரின் கிவாகுரோ, பிளாட்டினத்தின் கார்பன் பிளாக். என் கண்ணுக்கு முன்னது மங்கல் கறுப்பு, பின்னது காய்ந்ததும் சாய்த்துப் பார்த்தால் லேசாக மினுங்கும். முன்னது நிப்பில் இன்னும் வழுக்கலாக ஓடியது போலவும் பட்டது. அது என் பேனாவின் குணமாகவும் இருக்கலாம். ஓவியர்கள் பிளாட்டினத்தை விடமாட்டேன் என்கிறார்கள். கோடு போட்டு, காய்ந்த பிறகு மேலே வாட்டர்கலர் பூசினால் கோடு கலையாது.

இனி மனைவியின் கேள்விக்கு வருகிறேன். நான்கு மாதம் மூன்று பேனாவில் ஓட்டிப் பார்த்தேன்.

முதலாவது பிளாட்டினத்தின் மலிவுப் பேனா பிரெப்பி. இதன் மூடிக்குள் இன்னொரு உள்மூடி, ஸ்பிரிங் வைத்து நிப்பின் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். 2011-இல் வந்த 3776 செஞ்சுரி என்ற உயர்ந்த பேனாவிலும் இதே வித்தைதான். செஞ்சுரி 24 மாதம் சும்மா கிடந்தாலும் மை காயாது என்கிறது நிறுவனம். அவ்வளவு நாள் பொறுமை எனக்கில்லை. ஆறு வாரம் மேஜை டிராயரில் போட்டுவிட்டு எடுத்தேன். முதல் எழுத்திலேயே எழுதியது.

இரண்டாவது, கையால் கடைந்த எபோனைட் பேனா. மரையைத் திருகி மூடுவது, சொட்டு சொட்டாக மை விட்டு நிரப்புவது. மூன்று மில்லி பிடிக்கும், தினமும் எழுதினால் வாரக்கணக்கில் வரும். கட்டையையும் நிப்பையும் கையாலேயே உருவிக் கழுவ முடிவதால் நிறமி மைக்கு இது நல்ல வீடு. ஆனால் இந்த வகைப் பேனாவில் மை கால்வாசிக்கு இறங்கினால், கைச்சூட்டில் உள்காற்று விரிந்து ஒரு சொட்டைக் கக்கும். சாய மை என்றால் சட்டையில் விழுந்ததை ஊறவைத்துத் துவைக்கலாம். கரி மை விழுந்த என் வெள்ளைச் சட்டை இப்போது சைக்கிள் துடைக்கிறது.

மூன்றாவது ஒரு பழைய பேனா, யார் செய்தது என்பது வேண்டாம். மூடியில் காற்றுத் துளை. ஐந்தாம் நாளே முதல் சொல்லுக்கு இரண்டு மூன்று தடவை கிறுக்க வேண்டியிருந்தது. பதினைந்து நாள் வெளியூர் போய் வந்தபோது நின்றேவிட்டது. கழுத்தை மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்தேன். பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, ரப்பர் பல்பால் மாறி மாறித் தண்ணீரை அடித்தேன். சாம்பல் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம்முடைய அல்ட்ராசோனிக் தொட்டியில் ஐந்து நிமிடம் போட்டுக் கொடுத்தார். கறுப்புப் புகை மாதிரி அடைப்பு கலைந்து வந்தது. "என்ன சார், சிம்னியா?" என்றார். பேனா பிழைத்தது. அரக்கு மையாக இருந்திருந்தால் பிழைத்திருக்காது.

ஆகவே கெடுதல் செய்வது மையைவிட நம்முடைய மறதிதான். சாய மை காய்ந்தால் தண்ணீர் பட்டதும் மறுபடி கரையும், நமக்கு இன்னொரு வாய்ப்புத் தரும். நிறமி மை காய்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். பத்துப் பேனாவுக்கு மை நிரப்பிவிட்டு மாதம் ஒருமுறை தொடுகிறவர்கள், என் நண்பர்களில் பலர், இந்தப் பக்கமே வரவேண்டாம். தினமும் இரண்டு பக்கம் எழுதுகிறவர், இறுக மூடும் பேனாவை வைத்திருப்பவர், மை தீர்ந்ததும் தண்ணீரில் அலசி அடுத்ததை நிரப்புகிறவர் தாராளமாக வாங்கலாம். பிரிக்க முடியாத பேனாவிலும், அப்பா விட்டுப்போன பேனாவிலும் ஊற்றாதீர்கள். மை அளவு பார்க்கும் ஜன்னல் உள்ள பேனாவிலும் வேண்டாம். ஜன்னலில் கறை பிடித்தால் எளிதில் போகாது.

எனக்கு ஒரு குறை உண்டு. ராயல் புளூவில் ஒரு சுழியின் தொடக்கம் வெளிறி, முடிவு அடர்ந்து, கை எங்கே தயங்கியது என்று தெரியும். கரி மையில் எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு, அச்சடித்த மாதிரி. கடிதத்துக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. உறை மேல் முகவரி எழுத, காசோலை நிரப்ப, வீட்டுக் கணக்கு எழுத இதை அடிக்க ஆளில்லை. வண்ணத்திலும் நிறமி மைகள் வருகின்றன: செய்லரின் நீலக்கறுப்பு செய்போகு, பிளாட்டினத்தின் நீலம், செப்பியா. செய்போகுவில் கொஞ்சம் நிழல் விளையாட்டும் இருக்கிறது. கரிக்கும் கடிதத்துக்கும் நடுவே சமாதானம் பேச இப்போது அதைத்தான் பிரெப்பியில் ஊற்றியிருக்கிறேன்.

மனைவி மளிகைச் சீட்டு எழுதக் கேட்டது அந்தப் பேனாவைத்தான். சீட்டு அன்று மழையில் நனைந்து திரும்பி வந்தது. துவரம்பருப்பு ஒரு கிலோ என்று நன்றாகவே தெரிந்தது. கடைக்காரர்தான் அரைக் கிலோ போட்டிருந்தார்.

(அடுத்த வாரம்: கடுக்காயும் அன்னபேதியும் – எழுதிய பிறகு கறுக்கும் மை)