கரப்பானும் கண்ணும்

கர்ப்பத்தில் சிசுவின் உருவம் அமையத் தொடங்கும் ஆரம்ப வாரங்களில், பிற்காலத்தில் மேல்தோலாகப் போகிற வெளிப்படலத்தின் ஒரு சிறு பகுதி தடித்து, உள்நோக்கிக் குழிந்து, தனியே பிரிந்து கண்ணின் வில்லையாகிறது. கருவிழியின் மேற்பரப்பும் இமைகளின் உட்புறத்தைப் போர்த்திய மெல்லிய சவ்வின் மேலடுக்கும் அதே படலத்திலிருந்து பிறந்தவையே. ஆகவே தோலைப் பற்றிய நாட்பட்ட ரோகம் கண்ணையும் பற்றுவதில் வியப்பதற்கு அதிகமில்லை. ஆயினும் தோலுக்கு ஒரு வைத்தியரிடமும் கண்ணுக்கு வேறொருவரிடமும் செல்லும் வழக்கத்தினால், இந்தச் சம்பந்தம் பல குடும்பங்களுக்குக் காலங்கடந்தே தெரியவருகிறது.

சிசுப் பருவத்தில் கன்னங்களில் சிவந்து தோன்றி, வளர வளர முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் கழுத்திலும் இமைகளிலும் நிலைகொண்டு, ஆஸ்துமாவும் ஒவ்வாமைத் தும்மலும் பரம்பரையாக உள்ள குடும்பங்களில் அதிகமாகக் காணப்படும் கரப்பானை வைத்தியர்கள் ‘அடோபிக் டெர்மடைடிஸ்’ என்பார்கள். இந்நோயாளிகளின் கண்சவ்விலும் கருவிழியிலும் நீடித்த அழற்சி உண்டாவதை 1952-இல் மைக்கேல் ஹோகன் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் விவரித்தார். பருவத்தோடு வந்து பருவத்தோடு மறையும் சாதாரணக் கண் ஒவ்வாமையைப் போலன்றி, இது ஆண்டு முழுவதும் நீடித்து, இமையோரங்களைத் தடிக்கச் செய்து, கவனியாது விடப்பட்டால் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வையை மங்கச் செய்யவல்லது.

இதனினும் பெரிய அபாயம் அரிப்பினால் நேருகிறது. தாங்கமாட்டாமல், உறக்கத்திலுங்கூட, விரல் முட்டிகளால் கண்ணை அழுத்தித் தேய்க்கும் குழந்தையைக் கண்டிப்பது எளிது. அந்த அரிப்பின் கொடுமையை அனுபவித்து அறிந்தவர்கள் கண்டிக்கமாட்டார்கள். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த கனமுடையது. ஆண்டுக்கணக்காகத் தேய்க்கப்படும்போது, இயல்பிலேயே பலவீனத்துக்கு இடங்கொடுக்கும் கண்களில் அது மேலும் மெலிந்து, கூம்பி முன்தள்ளிவிடுகிறது. கெரட்டோகோனஸ் என்னும் இந்நிலையில் கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும். இரவில் விளக்கொளி சிதறித் தெரியும். ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால், ரைபோபிளேவின் என்ற வைட்டமினைச் சொட்டாக இட்டுப் புறஊதாக் கதிரைச் செலுத்திக் கருவிழியின் நார்களை உறுதிப்படுத்தும், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான சிகிச்சையினால் பெரும்பாலும் அதன் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தலாம். மிகவும் முற்றிவிட்டாலோ, தானமாகப் பெற்ற கருவிழியைப் பொருத்த வேண்டிவரும். முகத்தில் அரிப்பு மிகுந்து ஓயாமல் தேய்த்தும் அடித்தும் கொள்ளும் கடுமையான நோயாளிகளுக்கு விழித்திரையே பிரிந்துவிடுவதுண்டு என்பதை ஜப்பானிய வைத்தியர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதுமைக்கே உரியதென்று நாம் எண்ணும் கண்புரை, இந்நோயாளிகள் சிலருக்கு இருபது, முப்பது வயதிலேயே வந்துவிடுகிறது. நோயினால் நேரும் புரை பெரும்பாலும் வில்லையின் முன்புறத்திலும், ஸ்டீராய்டு மருந்தினால் நேருவது பின்புறத்திலும் தோன்றும். ஸ்டீராய்டு களிம்பு 1950-களில் வந்தபோது கரப்பான் நோயாளிகளுக்கு அதுகாறும் கிட்டாத நிவாரணத்தைத் தந்தது. வைத்தியர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாட்களுக்குப் பூசினால் இன்றும் அது உற்ற துணையே. ஆனால் சரீரத்திலேயே மிக மெல்லியதான இமைத் தோலில், மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிய வீரியமான களிம்பை மாதக்கணக்கில் பூசிவந்தால், கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து, வலியோ சிவப்போ இன்றியே பார்வை நரம்பு சிதைந்துவிடக்கூடும். சிவப்பழகு தருமென்று நம்பிப் பூசப்படும் சில களிம்புகளிலும் இம்மருந்து கலந்திருப்பது நம் நாட்டின் பெரிய துர்ப்பாக்கியம். இத்தீங்குகளுக்கு அஞ்சி, வைத்தியர் கொடுத்த மருந்தைத் திடீரென நிறுத்துவதும் தவறு. தோல் மறுபடியும் சீறியெழும்.

2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் என்ற ஊசிமருந்து, கடுங்கரப்பானைத் தணிப்பதில் பெரும் முன்னேற்றம். எனினும் அதைப் பெறுவோரில் ஒரு பகுதியினருக்குக் கண் சிவந்து எரிச்சல் உண்டாகிறது. அதே மருந்தை ஆஸ்துமாவுக்காகப் பெறுவோரிடம் இந்தத் தொல்லை அவ்வளவாகக் காணப்படாததால், கரப்பான் நோயாளிகளின் கண்ணிலேயே இதற்கான ஏது முன்னரே இருக்கிறதென்று கருத இடமுண்டு. பெரும்பாலோருக்குக் கண்ணீருக்கு ஈடான சொட்டுமருந்தும், தேவைப்பட்டால் கண் வைத்தியர் தரும் அழற்சி நீக்கும் சொட்டும் போதும். ஊசியை நிறுத்த நேருவது அரிது. ஆயினும் ஊசியைத் தொடங்குமுன் ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்வதும், பின்னர் கண் சிவந்தால் அதைத் தோல் வைத்தியரிடம் உடனே தெரிவிப்பதும் அவசியம்.