சுளகில் மறைந்த உழைப்பு

உழைக்கும் பெண்டிர் என்றதும் நாற்று நடுவோரும் களை எடுப்போரும் கல் உடைப்போருமே நம் நினைவிற்கு வருவர். வெயிலில் நின்று செய்யும் வேலை எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றது. கூரையின் கீழ் அமர்ந்து மடியில் சுளகை வைத்துச் செய்யும் வேலையோ தெரிவதில்லை. கணக்கெடுக்க வருவோர் கேட்டாலும், “அவள் வீட்டில்தான் இருக்கிறாள்” என்பதே பெரும்பாலும் ஆண்மக்களின் விடையாக இருக்கும். ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் ஈடுபடுவதும் வேலையே என்பது, 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் வினாவிலேயே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. கிராமப்புறப் பெண்களின் இடர்கள் பல. அவற்றுள் ஒன்றையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். நெல்லை, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றும் பெண்களின் நிலையே அது.

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், மேலப்பாளையம் முதலான ஊர்களில் சாதி சமய வேறுபாடின்றிப் பெண்கள் இத்தொழிலைச் செய்து வருகின்றனர். மத்திய இந்தியக் காடுகளில் கோடையில் பறிக்கப்படும் இலையும், குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் வரும் புகையிலைத் தூளும் இவ்வூர்த் திண்ணைகளில் வந்து கூடுகின்றன. இலையை நீரில் நனைத்துப் பதப்படுத்த வேண்டும். தகட்டை அளவாக வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். நரம்பு நீக்கி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்ட வேண்டும். கைதேர்ந்த ஒருத்தி நாள் முழுதும் குனிந்திருந்தால் ஆயிரம் பீடி சுற்றுவாள். கூலியும் ஆயிரத்திற்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படுகின்றது. அந்த ஆயிரத்திற்கெனக் கடையில் நிறுத்துக் கொடுக்கும் இலையில் ஓட்டையும் கிழிசலும் மிகுந்திருந்தால், குறையும் இலையை அவளே தன் கைப்பொருளால் வாங்கி ஈடுசெய்ய நேரும். சுற்றிக் கொண்டுபோனவற்றுள் சரியில்லை என ஒதுக்கப்படும் கழிவிற்குக் கூலி கிடையாது.

இவ்வேலை ஏன் வீட்டிற்குள் வந்தது? பெண்கள் வெளியே செல்ல விரும்பாமையே காரணம் என்பார் உளர். அஃது ஓரளவே உண்மை. 1966ஆம் ஆண்டில் நடுவண் அரசு பீடி, சுருட்டுத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. வேலை நேரம், விடுப்பு, பணியிட வசதி ஆகியவற்றை அது வரையறுத்தது. அதனைச் செயற்படுத்தும் நிலை வந்தபோது, மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டவர்கள் கண்ணூர்ப் பகுதியிலிருந்த பீடிக்கூடங்களை 1968இல் மூடினர். வேலையிழந்தோர் 1969இல் கேரள தினேஷ் பீடி என்னும் கூட்டுறவை நிறுவிக்கொண்டது தனி வரலாறு. ஏனைய இடங்களில் இலையும் தூளும் ஒப்பந்தக்காரர் வழியே வீடு தேடி வரலாயின. கூடத்தில் இருப்பவரைத் தொழிலாளர் அல்லர் எனக் கூறுதல் இயலாது. வீட்டில் இருப்பவளை அவ்வாறு கூறுதல் எளிது. நம் சமூகத்தில் பெண்கள் இல்லத்திலிருந்தே பொருளீட்டும் வாய்ப்பாக அது வரவேற்கப்பட்டது. நன்மை இல்லாமலில்லை. விதவையரும் கைவிடப்பட்டோரும் எவரிடமும் கையேந்தாது பிள்ளைகளை வளர்த்தது இச்சுளகைக் கொண்டே. ஆயினும் முதலாளியின் வசதியும் நமது வழக்கமும் ஓரிடத்தில் பொருந்திப் போயின என்பதை மறைப்பதற்கில்லை.

சட்டம் வீட்டுத் தொழிலாளியை மறந்துவிடவில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைக்குள் அவளும் இருந்தாள். அச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. வருங்கால வைப்பு நிதி 1977இல் பீடித் தொழிலுக்கு விரிவாக்கப்பட்டபோது, வீட்டில் சுற்றுவோர் தம் பணியாளர் அல்லர் என முதலாளிகள் வழக்காடினர். 1985இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அத்தீர்ப்பின் காரணம் நோக்கற்பாலது. மேற்பார்வையாளர் எவரும் வீட்டில் வந்து நிற்பதில்லை என்பது உண்மையே. ஆனால், சுற்றிய பீடியைச் சோதித்துக் குறையுள்ளதை ஒதுக்கும் அதிகாரம் முதலாளியிடம் உள்ளது. அவ்வதிகாரமே மேற்பார்வையும் கட்டுப்பாடும் ஆகும் என்றது நீதிமன்றம். எந்தக் கழிவைக் காட்டி அவள் கூலி குறைக்கப்பட்டதோ, அந்தக் கழிவே அவள் தொழிலாளி என்பதற்குச் சான்றாயிற்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளர்க்கென 1996இல் ஓர் உடன்படிக்கை கண்டது. இந்தியா அதனை ஏற்று உறுதி செய்யவில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டமோ 2020இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் ஒன்றில் கரைந்துவிட்டது.

சட்டம் கண்ட தொழிலாளியைக் குடும்பம் காண்கின்றதா என்பதே நம் வினா. கடையில் தரப்படும் பாஸ் புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். பெரும்பாலும் அது தாயின் பெயர். சுளகைச் சுற்றி இருக்கும் கைகளோ பல. மூத்த மகள் சுற்றுவாள், இளையவள் இலை வெட்டுவாள், கடைக்குட்டி முனை மடக்குவாள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆனால், குடும்பத்தாரின் துணையோடு நடப்பதற்கு விலக்களித்தது. வீட்டில் நடக்கும் தொழிலுக்கு வீட்டையே விலக்கினால் எஞ்சுவது என்ன? 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியலிட்ட அபாயத் தொழில்களில் குடும்பத்திற்குப் பிள்ளைகள் உதவுவதையும் தடுத்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் வளர்ந்து மணமாகிப் போயினர்.

பருவமெய்திய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் வழக்கத்திற்குச் சுளகு பெருந்துணையாயிற்று. ஆசிரியர் வந்து கேட்டால், மேனிலைப்பள்ளி தொலைவில் உள்ளது, பேருந்தில் அனுப்ப இயலாது என்பர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால், அச்சத்தோடு கணக்கும் சேர்ந்தே இருந்தது. அவள் வீட்டில் அமர்ந்த நாள் முதல் வருமானம் கூடிற்று. பெண் பார்க்க வருவோரும், “பீடி சுற்றத் தெரியுமா?” எனக் கேட்டனர். தன் கைக்கூலியைச் சேர்த்துத் தன் நகையைத் தானே தேடி, அதையும் கைக்கூலியாகக் கொடுத்து மணமாகிச் சென்றவள், மாமியார் வீட்டிலும் சுளகின் முன் அமர்ந்தாள். கைக்கூலி என்னும் சொல் இருபொருள் தந்து நிற்பதை நாம் விரும்பிச் செய்யவில்லை. மஹர் கொடுத்து மணக்க வேண்டிய மார்க்கத்தில் பிறந்தோர் இவ்வாறு வாங்கி மணப்பது எங்ஙனம் பொருந்தும் என்பதை ஜமாஅத் பெரியோர்களின் சிந்தனைக்கு விடுகிறோம். பெண் ஈட்டியது பெண்ணுக்கே உரியது என்பதைத் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் ஐயத்திற்கிடமின்றி உணர்த்துகின்றது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் வணிகத்தைத் தாமே நடத்தியவர். இவற்றை மேடைகளில் பெருமையுடன் கூறும் நாம், வார இறுதியில் கடையிலிருந்து வரும் கூலி எவர் கையில் சேர்கின்றது எனக் கேட்பதில்லை.

உடல்நலம் பற்றி விரித்துரைக்க இடமில்லை. தூளின் நெடி மூச்சில் கலக்கும். நிகோட்டின் தோல் வழியும் உட்புகும். குனிந்தே இருத்தலால் முதுகும் கழுத்தும் நோகும். புகையிலை விலக்கத்தக்கது எனக் கூறி இப்பெண்களைக் குறை சொல்வாரும் உண்டு. அவர்கள் மாற்றுத் தொழில் ஒன்றையும் உடன் கொண்டுவருதல் நலம்.

1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டத்தால் மருந்தகங்களும், தொழிலாளர் பிள்ளைகட்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தன. நிதிக்கு ஊற்றாக இருந்த தீர்வை 2017இல் சரக்கு சேவை வரியோடு நீங்கியபின், செலவு அரசின் வரவு செலவுத் திட்டத்தைச் சார்ந்ததாயிற்று. அவ்வுதவித்தொகையால் கல்லூரி வாயிலை மிதித்த பெண்கள் பலர். தாயின் அடையாள அட்டையே அவர்கட்குத் திறவுகோலாயிற்று. அட்டையில்லாத தாயின் மகளுக்கு அவ்வழி திறக்கவில்லை.

ஓய்வூதியத்திலும் இதே நிலைதான். பத்தாண்டுப் பணிக்கணக்கு இருந்தால், 58 வயதில் ஓய்வூதியம் பெற 1995ஆம் ஆண்டுத் திட்டம் வழிசெய்கின்றது. குறைந்த அளவு மாதம் 1000 ரூபாய் என 2014இல் வரையறுக்கப்பட்டது. தொகை சிறிதே. ஆயினும் தள்ளாத வயதில் மருந்துக்கு அது தன் பணம். தாயின் பாஸ் புத்தகத்தில் பதினைந்தாண்டு சுற்றிய மகளுக்கு அதுவும் இல்லை, ஏனெனில் அவள் பெயரில் ஒருநாள் கணக்கும் கிடையாது. பெயர் உள்ளோர்க்கும், புத்தகத்தில் ஒருவிதமும் ஆதார் அட்டையில் ஒருவிதமும் பெயரோ பிறந்த தேதியோ எழுதப்பட்டிருந்தால் விண்ணப்பம் திரும்பி வருகின்றது. கோடை விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவ மாணவியர் தத்தம் தெருவில் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, திருத்த விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கலாம். புத்தகமே இல்லாது சுற்றுவோரின் பட்டியலையும் உடன் எடுத்து, பள்ளிவாசலில் ஒரு படியும் தொழிற்சங்கத்தில் ஒரு படியும் ஒப்படைக்கலாம்.