தற்குறிப்பேற்றமும் ஏதுவும்

அணி என்பது செய்யுளுக்குப் பூட்டும் நகை என்றே அணியிலக்கணம் பயிலப் புகும் மாணவர் பலர் கருதுகின்றனர். யானும் அங்ஙனமே கருதியிருந்தேன். வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவி எழுந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுக்கின்றது. நம் தாமிரவருணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில், திருக்குருகைப் பெருமாள் கவிராயர் 16-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மாறனலங்காரம் அத்தொகையை மேலும் பெருக்குகின்றது. இத்துணை அணிகளுள் அருகருகே வைத்து நோக்கத்தக்கன இரண்டு.

இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின்மேல் புலவன் தன் கருத்தை ஏற்றி, வேறொரு காரணம் உடையதுபோலக் கூறுவது தற்குறிப்பேற்றம். உண்மைக் காரணத்தையே எடுத்துரைப்பது ஏது. அது காரகம், ஞாபகம் என இருவகைப்படும். தீ புகையைத் தோற்றுவித்தலின் காரக ஏது. புகை தீயை அறிவித்தலின் ஞாபக ஏது.

சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் உள்ளே வரவேண்டா எனத் தடுப்பனபோல் அசைகின்றன. அசைத்தது காற்று என்பதை இளங்கோவும் அறிவார்; நாமும் அறிவோம். 'போல்' என்னும் சிறுசொல் அங்கே காவல் நிற்கின்றது.

அக்காவல் நீங்கினால் விளைவது யாது? அதே காப்பியத்திற் காண்க. கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனல்லன் என்று தயங்குகின்றனர். பொற்கொல்லனோ, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டினையும் அடுக்கி உரைக்கின்றான். எண்ணிக் கூறும் முறை கேட்போர்க்குச் சாத்திரம் போல் ஒலிக்கின்றது. ஆயின் அதனுள் சான்று ஒன்றேனும் உண்டோ? குற்றமற்ற முகமே கள்வனது தந்திரத்திற்கு அடையாளம் ஆக்கப்படுகின்றது. இனிக் கோவலன் எம்முகம் காட்டினும் உய்வில்லை. காவலருள் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

கண்ணகியும் சொல்வன்மை உடையவளே. புறாவிற்காக உடல் அரிந்த சோழனையும், கன்றிற்காக மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனையும் முன்னிறுத்தியே தன் ஊரைக் கூறுகின்றாள். அவையை வயப்படுத்தும் தொடக்கம் அது. எனினும் தீர்ப்பைத் தந்தது அன்று. அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. இதுவன்றோ ஞாபக ஏது!

இவ்விரண்டையும் வகுப்பில் ஒருங்கே படித்த அன்று, எங்கள் அத்தை நினைவிற்கு வந்தாள். வள்ளியூர்ப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே மழை மறைவில் உள்ளது. ஆனி, ஆடியில் மலைக்கு அப்பால் மழை கொட்ட, எங்களுக்குக் காற்றே மிகுதி. காற்றாலைகள் சுழல்வதும் அதனாலேதான். குளம் நிறைவது ஐப்பசி, கார்த்திகை வாடைமழையை நம்பியே. என் இளம்பருவத்தில் ஓராண்டு அதுவும் பொய்த்தது. கணவனை இழந்த அத்தை அவ்வாண்டுதான் எங்கள் இல்லம் வந்திருந்தாள். “இவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காததுபோல மேகம் திரும்பிப் போகுது” என்று பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்து கூறினார். தண்டி கேட்டிருப்பின் தற்குறிப்பேற்றம் என்றே ஒப்புவார். கேட்டோர் நகைத்தனர்.

சின்னாளில் அவ்வுரை தெருவெங்கும் பரவியது. பரவும்போது 'போல' உதிர்ந்துபோயிற்று. கிணற்றடியில் அத்தையைக் கண்டால் பெண்கள் குடத்துடன் விலகினர். மேகத்திற்குக் கண் உண்டா என்று வினவுவார் ஒருவருமில்லை. என் தந்தையும் வினவவில்லை, யானோ சிறுவன். தைப் பிறந்ததும் அத்தை தூத்துக்குடிக்குச் சென்று, ஒரு வீட்டிற் சமையல் வேலைக்கு அமர்ந்தாள்.

அடுத்த ஆண்டும் வாடைமழை பெய்யவில்லை. பெரியவர் அப்போது மேகத்தைப்பற்றி ஒன்றும் கூறவில்லை.