லைடனும் டெல்ஃப்ட்டும் நம் வாசலில்

இளவேனில் விடுமுறையை ஐரோப்பாவின் பழம்பெரும் நகரொன்றிற் கழிக்க யாருக்குத்தான் ஆசையில்லை? கடவுச்சீட்டின்றியே அவ்வாசையை ஓரளவு தீர்த்துக்கொள்ள வழி கூறுவோம்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். சரவணை அமைந்துள்ள வேலணைத் தீவு ‘லைடன்’ ஆயிற்று, நெடுந்தீவு ‘டெல்ஃப்ட்’, நயினாதீவு ‘ஹார்லெம்’.

சித்திரைப் புத்தாண்டு வார இறுதியோடு சேரும் ஆண்டில் மூன்று நாள் கிடைக்கும். சோழகம் வலுக்குமுன் கடலும் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். முதல்நாள் சரவணையில் உறவினர் வீட்டிற் தங்கி, ஊர்காவற்றுறைக் கரையிலிருந்து கடற்கோட்டையைக் காணலாம். குடிநீர் தீர்ந்தமையாலேயே போர்த்துக்கேயர் 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் ஒப்படைத்தனர். ஆதலால் நீங்களும் குடிநீரை மறவாதீர்கள்!

மறுநாள் குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவு. முருகைக்கல் வேலிகளும், தன்னிச்சையாய்த் திரியும் குதிரைகளும், பெருக்கமரமும் சிறுவரை மகிழ்விக்கும். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டறிந்துகொள்ளுங்கள். மூன்றாம் நாள் நயினாதீவில் நாகபூசணி அம்மன் தரிசனம்.

1795இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை இழந்தனர். ‘லைடன்’ வரைபடத்தோடு நின்றது. ஊரார் நாவில் வேலணையே நிலைத்தது. வீடு திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கள்.