பாரஞ் சுமக்கும் தோளும் பாதை பார்க்கும் விழியும்

அதிகாலையிற் சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசிகள் கரட்டையும் லீக்சையும் கோவாவையும் பேரம் பேசி வாங்கி வருகின்றனர். நுவரெலியாவின் குளிரில் விளைந்த கோவா, யாழ்ப்பாணத்து வெயிலில் நம் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வாறு என்று எவரும் நின்று சிந்திப்பதில்லை. விலை ஏறினால் வியாபாரியை நொந்துகொள்கிறோம், இறங்கினால் மகிழ்ந்துபோகிறோம். விளைந்த இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் இடையே இரவெல்லாம் கண்விழித்திருந்தோரை நாம் நினைப்பதேயில்லை. லொறிச் சாரதியும், அவருக்குத் துணையாகச் செல்லும் கிளீனரும், மூட்டை சுமக்கும் நாட்டாமைமாருமே அவர்கள்.

லொறி ஓட்டுவது கடினமான தொழில் என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால் லொறியில் ஏற்றுவதும் ஒரு கலை என்பதைப் பலர் அறியார். கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிற் சிறிது நேரம் நின்று பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். பாரமான பொருள்கள் அடியிலே செல்லவேண்டும். இலேசானவை மேலே வரவேண்டும். இடமும் வலமும் சமனாயிருத்தல் வேண்டும். பாரம் முழுவதும் பின்புறத்தில் ஒதுங்கிவிட்டால், முன் சக்கரங்கள் இலேசாகி, வளைவுகளில் வண்டி சாரதியின் சொற்கேளாது. பாரம் உயர்ந்துவிட்டாலோ, வளைவிலே வண்டி சரிந்துவிடும். மேசன் செங்கற்களை மாற்றி மாற்றி வைத்துச் சுவர் எழுப்புவது போன்று, மூட்டைகளையும் ஒன்றையொன்று கவ்வுமாறு அடுக்கவேண்டும். அதன் பின்னரே படங்கு விரித்துக் கயிற்றை இறுக்கலாம்.

இவ்விதியோடு மற்றொரு விதியும் மோதுகின்றது. முதலிலே இறக்கவேண்டிய பொருளைக் கடைசியாக ஏற்றவேண்டும் என்பதே அது. வவுனியாவில் இறக்கவேண்டியது சீமெந்தாகவும், யாழ்ப்பாணத்துக்குரியது பிஸ்கோத்துப் பெட்டியாகவும் இருந்துவிட்டால் என் செய்வது? சீமெந்தை மேலே வைத்தாற் பெட்டிகள் நசுங்கும். அடியிலே வைத்தால் வவுனியாவில் லொறியையே வெறுமையாக்க நேரும். ஏட்டுப் படிப்பு இல்லாத ஒரு முதிய நாட்டாமை, இக்கணக்கை நின்றநிலையில் மனத்தாலே போட்டு முடிக்கின்றார்.

மூட்டை சுமப்போரின் நிலையையும் ஒரு கணக்கினாற் பார்ப்போம். பத்துத் தொன் ஏற்றும் லொறியொன்றிற்கு 50 கிலோ எடையுள்ள மூட்டைகள் 200 வேண்டும். நால்வர் சேர்ந்து ஏற்றினால், ஆளுக்கு 50 மூட்டை. அதாவது ஒருவரின் முதுகின்மீது 2,500 கிலோ ஏறி இறங்குகின்றது. இது ஒரு லொறிக்கு மாத்திரமே. ஒரு நாளில் இரண்டு மூன்று லொறிகள் வருமாயின் அம்முதுகின் கதி என்னாகும்? சர்வதேசத் தொழில் தாபனம் 1967ஆம் ஆண்டிலே, வளர்ந்த ஆணொருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது எனப் பரிந்துரைத்தது. மூட்டை 50 கிலோவாகியமை அவ்வகையில் நன்மையே. எனினும் ஒரு மூட்டையின் எடைக்கு எல்லை உண்டேயன்றி, ஒரு நாளிற் சுமக்கும் மூட்டைகளின் தொகைக்கு எல்லையில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர், முதுகு நோகின்றது என்று எவ்வாறு உட்கார்ந்திருப்பார்?

மரக்கறியின் கதை வேறு. 1999ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திற்கு நாலா திசையிலிருந்தும் லொறிகள் வருகின்றன. அங்கே சாக்குகளில் இறுக அடைக்கப்பெற்ற மரக்கறிகளைக் காணலாம். அடியிலுள்ள சாக்கு மேலுள்ளவை யாவற்றையும் தாங்குகின்றது. ஆகவே அதனுள் இருப்பவை நசுங்கி அழுகுகின்றன. இதனைத் தடுக்க, மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளிலேயே கொண்டுசெல்லவேண்டும் என 2011ஆம் ஆண்டின் இறுதியில் விதிக்கப்பட்டபோது, கமக்காரரும் வியாபாரிகளும் எதிர்த்தெழுந்தனர். அவர்கள் கூறிய நியாயத்தையும் நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. கூடை வாங்கப் பணம் வேண்டும். அது இடத்தை அடைப்பதால் ஒரு நடையிற் செல்லும் எடை குறையும். வெறுங்கூடைகளைத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். நல்ல விதியேயாயினும், அதன் செலவை யார் சுமப்பது என்ற வினாவிற்கு விடை கூறாவிடின் அது தெருவிலே நின்றுவிடும்.

இனி, பாதைக்கு வருவோம். கண்டியிலிருந்து கொழும்புக்கு இறங்கும் லொறி கடுகண்ணாவைக் கணவாயைக் கடக்கவேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இப்பாதையை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கோபுரமும், அன்று குடைந்த கற்பாறையும் இன்றும் அங்குள்ளன. அக்கற்குகையினூடாகச் செல்லாது அதன் அருகாகவே இன்றைய பெருந்தெரு செல்கின்றது. ஏற்றம் வண்டியின் வலுவைச் சோதிப்பது. இறக்கமோ சாரதியின் புத்தியைச் சோதிப்பது. ஓயாது பிறேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், அது சூடேறிச் சூடேறி இறுதியிற் பிடிப்பை இழந்துவிடும். டீசல் மிச்சம் பிடிக்கவென்று கியரை விடுத்து ஓடவிடுவது அதனினும் கொடிது. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிகளின் விதி. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிறேக்கு ஆபத்துக்கு உதவும்.

மலையைக் கடந்து சமதரைக்கு வந்தால் வேறோர் எதிரி காத்திருக்கின்றது. அதுவே நித்திரை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வன்னியின் நேரான தெருவிலே, நள்ளிரவில், ஒரே சீராக இரையும் எஞ்சின் தாலாட்டுப் போலாகிவிடும். தெருவிற் படுத்துறங்கும் மாடுகளும், சில இடங்களிற் காட்டு யானைகளும் எதிர்ப்படும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் லொறியை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கற்பூரங் கொளுத்தி, தேநீர் அருந்திக் கச்சானும் வாங்கிக்கொண்டு புறப்படுவது நெடுங்கால வழக்கம். பக்தியோடு சேர்த்து உடலுக்கும் ஓய்வு தந்த வழக்கம் இது. தொடர்ந்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இடைவேளையின்றி ஓட்டலாகாது எனவும், நாளொன்றுக்கு 9 மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது எனவும் சர்வதேசத் தொழில் தாபனம் 1979ஆம் ஆண்டின் சமவாயமொன்றிற் கூறியுள்ளது. ஆனால் விடியுமுன் சந்தையை அடையாத மரக்கறிக்கு விலையில்லை. சட்டம் உறங்கு என்கின்றது. சந்தை ஓடு என்கின்றது. இரண்டுக்கும் நடுவிலே சுக்கானைப் பிடித்திருப்பவர் மனிதர்.

இப்பாதையே இல்லாதிருந்த காலமும் உண்டு. 1990ஆம் ஆண்டு மூடப்பட்ட ஏ9 பாதை 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இலேயே மறுபடி திறந்தது. திறந்திருந்த ஆண்டுகளிலும் ஓமந்தையிலும் முகமாலையிலும் ஏற்றிய மூட்டைகளை இறக்கிக் காட்டி மீண்டும் ஏற்றவேண்டியிருந்தது. மூடியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வேண்டிய பொருள்கள் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்தன. லொறி வராவிட்டால் அடுப்பு எவ்வாறிருக்கும் என்பதை அக்காலத்து அன்னையர் நன்கறிவர். தெற்கிலுள்ளோர் அதனை 2022ஆம் ஆண்டிற் கண்டனர். டீசலுக்காக லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன; சாரதிகள் அங்கேயே உண்டு அங்கேயே உறங்கினர்; வரிசையிலேயே உயிர் நீத்தோரும் உளர்.

இவர்களுக்கு நாம் செய்யத்தக்கது யாது? தெருவிலே லொறியை முந்திச் சென்று அதன் முன்னே சடுதியாக நிறுத்தாதிருப்போமாக. வேகம் இருமடங்கானால், பிறேக்கை மிதித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்; பாரமேற்றிய வண்டி நாம் நினைத்த இடத்தில் நில்லாது. வியாபாரிகளாயின், இரவெல்லாம் ஓடி வந்தவர் சாய்ந்துறங்க ஒரு பாயும், முகங்கழுவ நீரும், ஒரு கோப்பைத் தேநீரும் அளிப்பது பெருஞ்செலவன்று. நாளை மரக்கறிக்காரரிடம் ஐந்து ரூபாவைக் குறைக்கச் சொல்லும்போது, அந்த ஐந்து ரூபா யாருடைய நித்திரையிலிருந்து கழிக்கப்படும் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.