உலோகத்தைக் கவ்வும் கொடுக்குகள்

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சோப்புப் போட்டுக் குளித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. வாளி நீரின்மேல் தயிர் திரிந்தாற்போல் வெள்ளைப் படலம் மிதக்கும். தலைமுடி பிசுபிசுக்கும். நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் அயனிகள் சோப்புடன் சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதே இதற்குக் காரணம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்.

இதே தொல்லை 1930களில் ஜெர்மனியின் சாயத் தொழிலுக்கும் இருந்தது. சாயத் தொட்டி நீரில் கால்சியம் இருந்தால் துணியில் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். அதைத் தடுக்க சிட்ரிக் அமிலம் சேர்த்தார்கள். எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலந்தான். ஆனால் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் முன்ஸ் என்னும் வேதியியலார் அதற்கு மாற்றுத் தேடினார். 1935இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பொருளின் பெயர் எத்திலீன் டைஅமீன் டெட்ரா அசிட்டிக் அமிலம். ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லையா? கவலை வேண்டாம். வேதியியல் ஆசிரியர்களும் ஈ.டி.டி.ஏ. என்றுதான் சொல்வார்கள்.

இதன் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு அமிலக் கைகள் நீள்கின்றன. ஓர் உலோக அயனி அருகில் வந்தால் இரண்டு நைட்ரஜன்களும், நான்கு கைகளின் நுனியிலுள்ள ஆக்சிஜன்களும் ஆக ஆறு இடங்களில் அதைப் பற்றிக்கொள்கின்றன. கால்சியம் உள்ளே அகப்பட்டுவிட்டால் சோப்பு அதை எட்ட முடியாது. கால்சியம் நீரைவிட்டு வெளியேறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் கட்டுண்டு கிடக்கிறது. இப்படிப் பல முனைகளால் பற்றுவதற்கு 1920இல் மார்கன், ட்ரூ என்ற இருவர், கொடுக்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு பெயர் வைத்தனர். தமிழில் கொடுக்கிணைப்பு என்கிறோம். நண்டிடம் விரலைக் கொடுத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆறு தனித்தனி மூலக்கூறுகள் பற்றுவதைவிட, ஆறு கைகளுள்ள ஒரே மூலக்கூறின் பிடி ஏன் இத்தனை வலுவாக இருக்கிறது? நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆதலால் இந்தக் கேள்வியில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிடப் போகிறேன். ஒரு கை நழுவினாலும் மற்ற ஐந்தும் விடா. நழுவிய கை விலகிப் போகுமுன் மீண்டும் பற்றிவிடும். இது ஒரு காரணம். மற்றொன்று இதைவிடச் சுவையானது. நீரிலுள்ள உலோக அயனி தனியே இருப்பதில்லை. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து நிற்கும். ஓர் ஈ.டி.டி.ஏ. நுழைந்ததும் அத்தனை நீர் மூலக்கூறுகளும் விடுதலை பெற்று மனம்போல் திரிகின்றன. ஒன்று கட்டுப்பட, பல விடுபடுகின்றன. ஒழுங்கு குறைந்து என்ட்ரோபி மிகுகிறது. இயற்கை விரும்பிச் செல்லும் திசை அதுவே. மக்னீசியம் ஈ.டி.டி.ஏ.வுடன் சேரும்போது வெப்பம் வெளிப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது! அப்படியிருந்தும் வினை நடக்கிறதென்றால் அது என்ட்ரோபியின் தயவுதான்.

போர்க்காலத்தில் சூரிச் நகரில் கெரோல்ட் ஷ்வார்சன்பாக் என்பவர் இந்தப் பிடியின் வலிமையை முறையாக அளந்தார். அவர் வகுத்த தரம்பார்த்தல் முறையை இன்றும் நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் பின்பற்றுகிறார்கள். கூம்புக் குடுவையில் 50 மில்லிலிட்டர் நீர் எடுத்து, அம்மோனியா கலந்த தாங்கல் கரைசலால் அதன் பி.எச். மதிப்பை 10 ஆக்கவேண்டும். அமிலக் கரைசலாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகளே அந்தக் கைகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைச் சிட்டிகையளவு சேர்த்தால், அது மக்னீசியத்தை இலேசாகப் பற்றி ஒயின் சிவப்பாகும். பியூரெட்டிலிருந்து 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ.யைச் சொட்டவிட்டால் கடைசியாக அந்த மக்னீசியத்தையும் பறித்துக்கொள்ள, சிவப்பு மறைந்து தெளிந்த நீலம் தோன்றும். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்பது கணக்கு. 20 மில்லிலிட்டர் செலவானால் லிட்டருக்கு 400 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நான் மாணவனாக இருந்தபோது துணைப்பாடச் செய்முறைத் தேர்வில் முடிவு நிலையைத் தாண்டிவிட்டேன். நீலம் வந்தபின் எவ்வளவு ஊற்றினாலும் நீலமே. எங்கே தவறினோம் என்று குடுவை சொல்லாது.

பிடியின் வலிமையை எண்ணால் குறிப்பதுண்டு. கால்சியத்துக்கு அது ஏறக்குறைய 5,000 கோடி. ஈயத்துக்கு அதைப்போல் 2 கோடி மடங்கு. இரும்புக்கோ 1 எழுதி 25 சுழிகள் போடவேண்டும். அப்படியானால் இரும்பே எப்போதும் வெல்லுமா? 1952இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஸ்டூவர்ட், லெனார்டு இருவரும் இரும்புச் சத்தின்றி இலை மஞ்சளித்த எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களுக்கு ஈ.டி.டி.ஏ.யில் கட்டிய இரும்பைக் கொடுத்தார்கள். அமில மணல் நிலத்தில் இலைகள் பச்சை பிடித்தன. சுண்ணாம்பு நிலத்தில் அந்தப் பலன் கிட்டவில்லை. அங்கே பி.எச். மிகுதியாக இருப்பதால், பிடி சற்றுத் தளர்ந்த கணமே இரும்பு ஹைட்ராக்சைடாக மாறித் துருப்போல் படிந்துவிடுகிறது. காலியான இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. பயில்வானாக இருந்தாலும் ஊரில் இல்லாவிட்டால் பந்தயத்தில் எப்படி ஜெயிப்பது?

இந்தப் போட்டியே ஈய நஞ்சுக்கு மருந்தாகவும் உதவியது. கால்சியம் ஏற்கெனவே கட்டப்பட்ட ஈ.டி.டி.ஏ.யை இரத்தத்தில் செலுத்தினால், அது கால்சியத்தை விட்டு ஈயத்தைப் பற்றிச் சிறுநீருடன் வெளியேறும். கால்சியம் கட்டாத சோடிய உப்பைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம். இரத்தத்திலுள்ள கால்சியத்தையே அது கவ்வும். கால்சியம் இன்றி இதயம் துடிக்காது. அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை மூவர் இவ்வாறு இறந்தனர். அவர்களில் இருவர் குழந்தைகள். இரண்டு மருந்துகளின் பெயரிலும் வேறுபாடு ஒரே ஒரு சொல்தான்.

நிலத்தடி நீருக்கும் இதனால் ஒரு சோதனை நேர்ந்தது. டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் அணு ஆய்வுக்கூடத்தில் கதிரியக்கக் கழிவு நீரை மண்ணில் வெட்டிய நீண்ட குழிகளில் விட்டார்கள். களிமண் துகள்கள் கோபால்ட்–60 போன்றவற்றைப் பிடித்து நிறுத்தும் என்பது கணக்கு. ஆனால் கோபால்ட் நகர்ந்துகொண்டிருந்தது. கருவிகளைக் கழுவப் பயன்பட்ட ஈ.டி.டி.ஏ.யும் அதே குழிகளில் சேர்ந்து, கோபால்ட்டைக் கட்டிக்கொண்டு மண்ணிடம் ஒட்டவிடாமல் நீரோடு அழைத்துச் சென்றதை 1978இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை வெளிப்படுத்தியது. பல ஆண்டுகளாகியும் அது சிதையவில்லை. சாயத் தொட்டிக்கு வரமாயிருந்த உறுதி இங்கே வினையாயிற்று.

நுண்ணுயிரிகளால் ஈ.டி.டி.ஏ.யை எளிதில் தின்ன முடிவதில்லை. ஆற்றில் இரும்புடன் சேர்ந்திருக்கும் பகுதியை மட்டும் சூரிய ஒளி உடைக்கிறது. அதனால் இப்போது ஈ.டி.டி.எஸ். போன்ற மாற்றுகள் வந்துள்ளன. இதன் மூலக்கூற்று வாய்பாடும் ஈ.டி.டி.ஏ.யின் வாய்பாடும் ஒன்றே: 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 8 ஆக்சிஜன். அமைப்பு மட்டும் வேறு. கால்சியத்தின் மீது பிடி தளர்வு. ஆனால் நுண்ணுயிரிகள் எளிதில் சிதைத்துவிடும். அதிலும் ஒரு வேடிக்கை. இடக்கையும் வலக்கையும் போல இம்மூலக்கூறுக்குக் கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத்தான் நுண்ணுயிரிகள் விரும்பி உண்கின்றன. அதன் பிம்பத்தை அப்படியே விட்டுவிடுகின்றன.